வெயிலைத் துரத்தும் டிராக்கரா, இன்னும் இரண்டு தகடா?

சுங்கை சிப்புட்டில் தாமான் வீடானாலும் சரி, ஹேவுட், எல்பில் பக்கத்துத் தோட்ட வீடானாலும் சரி, வயரிங் வேலைக்குப் போகிற இடத்திலெல்லாம் இப்போது இந்தக் கேள்விதான். "அண்ணே, சோலார் போடுறதா இருந்தா கூரையிலேயே போட்டுடலாமா, இல்ல சூரியன் போற பக்கமா திரும்புற டிராக்கர் வாங்கலாமா?" விற்க வருகிறவர்கள் 40 விழுக்காடு கூடுதல் மின்சாரம் என்கிறார்கள். அந்த 40 பொய்யில்லை. மேகமே எட்டிப் பார்க்காத வறண்ட நாடுகளில் இரட்டை அச்சு டிராக்கர் (கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் திரும்புவது) அந்த அளவுக்குக் கொடுக்கும். மலேசியாவின் பேராக்கில் நமக்கு இருப்பது வேறு வானம்.

பேட்டரி இல்லாமல், மின்சார நிறுவனமான தெனாகாவின் கம்பியோடு இணைந்து ஓடும் சோலாரைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டுக்கு டிராக்கர் வேண்டாம். அந்தப் பணத்தில் சிறு பங்கைப் போட்டு ஒன்றிரண்டு சோலார் தகடு கூடுதலாக வாங்குங்கள். ஆனால் டிராக்கர்தான் சரி என்று நானே சொல்லக்கூடிய இடங்களும் உண்டு. அதற்கும் வருகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

வானம். டிராக்கர் பிடிப்பது நேர் வெயிலை மட்டும்தான். மேகம் மூடிய நாளில் வெளிச்சம் ஒரு திசையிலிருந்து வராது, வானம் முழுவதிலிருந்தும் வரும். அந்த நேரத்தில் சூரியன் இருக்கும் பக்கம் தகட்டைச் சாய்த்தால் மறுபக்க வானத்தை இழக்கிறோம். சும்மா மல்லாந்து கிடக்கும் தகடுதான் அப்போது அதிகம் வாங்கும். நம் நாட்டில் ஆண்டு முழுவதும் விழும் ஒளியில் ஏறக்குறையப் பாதி இப்படிச் சிதறி வருவதுதான். சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வரும் ஆண்டுகளில் இன்னும் மோசம்.

சூரியன் போகும் பாதை. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறோம். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் நடுப்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு மேலேயே நிற்கும். நடுவில் உள்ள ஐந்து மாதம் அது வடக்கே சாய்ந்து போகும், மற்ற ஏழு மாதம் தெற்கே. டிசம்பரில் மிகத் தாழ்வாகப் போகும்போதுகூட நடுப்பகலில் 60 பாகைக்கு மேல் உயரத்தில்தான் இருக்கும். சோலாரைப் பற்றித் தமிழில் வரும் காணொளிகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுக்குச் சொல்பவை. அங்கே தெற்கு பார்த்து வைக்கச் சொல்வது சரி. இங்கே அவ்வளவு கட்டாயம் இல்லை. 10 பாகைச் சரிவில் வைத்தால் எந்தத் திசையைப் பார்த்தாலும் ஆண்டு மொத்தத்தில் சில விழுக்காடுதான் கூடக் குறைய இருக்கும்.

கடிகாரம். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி சபா, சரவாக் நேரத்தோடு சேர்த்தார்கள். அதிலிருந்து நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒரு மணிக்கும் ஒன்றரைக்கும் இடையில். காலை 8 மணி வெயில் இளசாக இருப்பதும், மாலை 5 மணிக்கு இன்னும் நல்ல வெளிச்சம் மிஞ்சியிருப்பதும் அதனால்தான். ஆனால் பல நாள் அந்த மாலை வெளிச்சத்தை மழை வந்து வாங்கிக்கொண்டு போய்விடும். மலையடிவார ஊர்களில் மூன்று மணிக்கு மேல் கருக்கத் தொடங்கினால் டிராக்கர் மேற்கே திரும்பி நின்று பார்ப்பது கருமேகத்தைத்தான்.

ஒரு யூனிட்டின் விலை. கூடுதலாக வரும் மின்சாரத்தை யார் என்ன விலைக்கு எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் வீட்டுக் கட்டணம் மாறியது. மாதம் 1,500 யூனிட்டுக்குள் பயன்படுத்துகிறவருக்கு எரிசக்திக் கட்டணம் 27.03 சென், கொள்ளளவுக் கட்டணம் 4.55 சென், கம்பிக் கட்டணம் 12.85 சென். கூட்டினால் ஒரு யூனிட் 44 சென்னுக்குக் கொஞ்சம் மேல். குறைவாகப் பயன்படுத்துகிறவருக்குக் கழிவும் உண்டு, ஆகவே அவர் கொடுக்கும் விலை இன்னும் குறைவு. வீட்டுச் சோலாருக்கான பழைய நெம் (NEM) திட்டத்தில் வெளியே அனுப்பும் யூனிட்டும் உள்ளே வாங்கும் யூனிட்டும் ஒன்றுக்கு ஒன்று கழிந்தன. அந்தத் திட்டம் 2025 ஜூன் 30ஆம் தேதி மூடப்பட்டது. அடுத்து வந்த சோலார் அதாப் திட்டத்தில் வீட்டுக்காரர் வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு எரிசக்திக் கட்டணத்தின் விலை மட்டும்தான் கிடைக்கும். மீந்த வரவு அடுத்த மாதத்துக்குப் போகாது. அதாவது நீங்களே பயன்படுத்தும் யூனிட் 44 சென் மிச்சம், வெளியே போகும் யூனிட் 27 சென் வரவு. எவ்வளவு உற்பத்தி என்பதோடு எந்த நேரத்தில் உற்பத்தி என்பதும் இப்போது காசு.

கடைசியாக பராமரிப்பு. தகட்டில் ஓடும் பாகம் எதுவும் இல்லை, டிராக்கரில் உண்டு. இந்த ஒரு வரியின் விலை கீழே வரும்.

## கூரையில் ஒரே சரிவில் தகடு

தாமான் வரிசை வீட்டில் பெரும்பாலும் முன் சரிவு, பின் சரிவு இரண்டுதான். நிழல் விழாத சரிவைப் பார்த்து 5 கிலோவாட் போடலாம். சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்குத் திட்டத்தின் உச்ச அளவும் அதுதான். நம் வட்டாரத்தில் ஒரு கிலோவாட் ஆண்டுக்கு 1,200 முதல் 1,400 யூனிட் வரை தரும். நான் 1,300 என்று வைத்துக் கணக்குப் போடுவேன். ஐந்து கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 6,500 யூனிட், மாதத்துக்கு 540 சொச்சம்.

மொத்தச் செலவு ஏறக்குறைய 20 ஆயிரம் வெள்ளி. கூரையின் தரத்தையும், தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரையும் பொறுத்து ஏறும் இறங்கும்.

மறைந்திருக்கும் செலவு கூரையிலேயே இருக்கிறது. பழைய தோட்டக் குடியிருப்புகளிலும் பழைய மலிவு வீடுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்டுத் தகரம் இன்னும் கிடக்கிறது. அதில் துளை போடக் கூடாது. தூசி நுரையீரலுக்கு ஆபத்து, தகரமும் விரிசல் விடும். முதலில் கூரையை மாற்ற வேண்டும், அந்தச் செலவு சோலார்க்காரர் தரும் விலைத்தாளில் இருக்காது. ஜிங்க் கூரையென்றால் துளையிட்ட இடத்தில் ரப்பர் வாஷர் நல்லதா என்று கேட்டு வாங்குங்கள். மலிவு வாஷர் இரண்டு மழைக்காலத்தில் வெடித்துப் போய், சீலிங்கில் தேநீர் நிறத்தில் வட்டம் விழும்.

## கிழக்குச் சரிவிலும் மேற்குச் சரிவிலும் பாதிப் பாதி

வீட்டுக் கூரை கிழக்கும் மேற்குமாக இறங்கினால் பலர் வருத்தப்படுகிறார்கள். வருத்தப்பட ஒன்றுமில்லை. நம் அட்சரேகையில் ஓட்டுக் கூரையின் சரிவில் கிழக்கு மேற்காகப் பிரித்து வைத்தால் ஆண்டு மொத்தத்தில் ஐந்து விழுக்காட்டை ஒட்டித்தான் குறையும். பதிலுக்கு என்ன கிடைக்கிறது? காலையில் கிழக்குத் தகடு முன்னதாக எழும், மாலையில் மேற்குத் தகடு தாமதமாகப் படுக்கும். நடுப்பகல் உச்சி கொஞ்சம் தட்டையாகும். டிராக்கர் செய்வதாகச் சொல்லும் வேலையில் ஒரு பங்கு இது, மோட்டாரே இல்லாமல்.

இன்வெர்ட்டரில் இரண்டு எம்பிபிடி வாயில் (தகட்டிலிருந்து அதிகபட்ச மின்சாரத்தை இழுக்கும் MPPT உள்ளீடு) இருக்க வேண்டும், இரண்டு சரிவையும் தனித்தனியாக இழுக்க வேண்டும். ஒரே சரமாகக் கோத்துவிட்டால் வெயில் குறைந்த பக்கம் மற்றதையும் இழுத்துப் போடும். இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

யார் எப்போது மின்சாரம் பயன்படுத்துகிறார் என்பதற்கேற்ப பங்கை மாற்றலாம். தமிழ்ப்பள்ளி ஒன்றுக்கு என்றால் காலை ஏழரை முதல் ஒன்றரை வரைதான் விசிறியும் கணினி அறையும் ஓடும். நான் கிழக்கே கூடுதலாக வைப்பேன். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து மூன்று மணிக்கே ஏர்கோன் போடும் வீட்டுக்கு மேற்கே கொஞ்சம் கூட்டலாம், மழை மேகத்தை மனதில் வைத்துக்கொண்டு. காலையிலிருந்து ஐஸ் பெட்டி ஓடும் மளிகைக் கடைக்கு எப்படி வைத்தாலும் வருவதெல்லாம் உள்ளேயே தீர்ந்துவிடும்.

## ஒற்றை அச்சு டிராக்கர்

வடக்கு தெற்காக ஒரு நீண்ட குழாய், அதன்மேல் தகடுகள். காலையில் கிழக்கே சாய்ந்து நின்று மாலைக்குள் மேற்கே புரளும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளுக்குப் பொருத்தமான வடிவமும் இதுதான், ஏனென்றால் சூரியன் நமக்குப் பெரும்பாலும் கிழக்கு மேற்காகத்தான் பயணம் செய்கிறது. கூரையில் இதை வைக்க முடியாது, தரை வேண்டும்.

நம் வானத்தில் நான் இதற்கு 15 விழுக்காடு கூடுதல் என்று கணக்கு வைப்பேன். திறந்த வெளி, நல்ல ஆண்டு என்றால் கொஞ்சம் ஏறலாம். 5 கிலோவாட்டுக்கு 6,500 யூனிட்டில் 15 விழுக்காடு 975 யூனிட். எல்லாவற்றையும் நீங்களே பயன்படுத்தினால் ஆண்டுக்கு 430 வெள்ளி. எல்லாம் வெளியே போனால் 265 வெள்ளி. நடுவில் 350 என்று வையுங்கள். அடித்தளம், இரும்பு, மோட்டார், கட்டுப்பாட்டுப் பெட்டி, வீடு வரை மண்ணுக்கடியில் கேபிள் எல்லாம் சேர்ந்து கூரைச் சோலாரைவிடப் பத்தாயிரம் வெள்ளி கூடுதல் ஆகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அந்தக் கூடுதலை மீட்க 28 ஆண்டு. தகட்டின் ஆயுளே அதை ஒட்டித்தான்.

இப்போது மறுபக்கம். 600 வாட் தகடு ஒன்று ஆண்டுக்கு 780 யூனிட் தரும். இரண்டு போட்டால் 1,560. டிராக்கரின் கூடுதலைவிட அதிகம், செலவு தகடு ஒன்றுக்குச் சில நூறு வெள்ளியும் கொஞ்சம் கம்பி, கிளிப்பும். "5 கிலோவாட்டுக்கு மேல் அனுமதி இல்லையே, அதனால்தான் டிராக்கர்" என்று விற்பவர் சொல்வார். அந்த வரம்பு இன்வெர்ட்டர் வெளியே தரும் அளவுக்கு. 5 கிலோவாட் இன்வெர்ட்டரில் 6 கிலோவாட் தகடு கோர்ப்பது தொழிலில் சாதாரணம். இன்வெர்ட்டரின் தரவுத்தாளில் எவ்வளவு தகடு தாங்கும் என்று இருக்கும், அதற்குள் நில்லுங்கள். மேகம் விலகும் விளிம்பில் சில நிமிடம் வெயில் வழக்கத்தைவிட எகிறும். அப்போது இன்வெர்ட்டரின் அளவுக்கு மேல் வருவது கொஞ்சம் வெட்டுப்படும். ஆண்டுக் கணக்கில் அது பெரிய நட்டமில்லை.

அப்புறம் செம்பனை. டிராக்கரின் லாபம் முழுவதும் சூரியன் தாழ்வாக இருக்கும் காலையிலும் மாலையிலும்தான் இருக்கிறது. பக்கத்து நிலத்தில் 12 மீட்டர் செம்பனை நிற்கிறதென்றால், சூரியன் 20 பாகை உயரத்தில் இருக்கும்போது அதன் நிழல் 33 மீட்டர் நீளும். கூடுதல் யூனிட் வர வேண்டிய அதே நேரத்தில் தகட்டின்மேல் மட்டை நிழல் ஆடும். போதாததற்குச் சுங்கை சிப்புட்டின் கிழக்கே மலைத்தொடர், காலை வெயில் அதைத் தாண்டித்தான் வர வேண்டும். நடுப்பகலில் இந்த நிழல் எதுவும் கிடையாது, நடுப்பகலில் டிராக்கருக்கும் படுத்த தகட்டுக்கும் வித்தியாசமும் கிடையாது.

## இரட்டை அச்சு டிராக்கர்

ஒற்றைத் தூண், மேலே பெரிய சட்டம், சூரியன் எங்கே போனாலும் முகம் கொடுக்கும். பார்க்க அழகு, அதனால்தான் காணொளிகளில் இது.

நமக்கு இது ஏன் வீண் என்பதற்கு ஒரே காரணம் போதும். இரண்டாவது அச்சு செய்யும் வேலை வடக்கு தெற்குச் சாய்வைச் சரிப்படுத்துவது. நம் ஊரில் அந்தச் சாய்வு டிசம்பரில்கூட நடுப்பகலில் 28 பாகைதான். ஒற்றை அச்சைவிட இது கூடுதலாகத் தருவது சில விழுக்காடுதான். அதற்காக இன்னொரு மோட்டார், இன்னொரு கியர், காற்றைப் பிடிக்கும் ஒரு பெரிய பலகை.

டவுனுக்கு வெளியே ஒரு பழத்தோட்டத்தில் இப்படி ஒன்று நிற்கிறது. பில் திடீரென்று ஏறியதால் பார்க்கக் கூப்பிட்டார்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் கேபிள் நுழையும் துவாரத்தின் ரப்பர் காய்ந்து விலகியிருந்தது. அந்த வழியாகப் பல்லி போய் சர்க்யூட் பலகையின்மேல் குறுக்கே கிடந்து கருகியிருந்தது. பலகையின் ஒரு ஓரத்தில் எறும்புப் புற்று மண். சட்டம் மேற்கே சாய்ந்தபடியே நின்றுவிட்டிருக்கிறது. காலை வெயில் முழுவதும் தகட்டின் முதுகில். கவனிக்கும்வரை அது கூரையில் அசையாமல் கிடக்கும் தகட்டைவிடக் குறைவாகத்தான் கொடுத்திருக்கும். விற்ற நிறுவனத்தைத் தொலைபேசியில் பிடிக்கவே முடியவில்லை. மாற்றுப் பலகையை வேறு வழியில் வரவழைக்க வேண்டியதாயிற்று.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கூரை, ஒரே சரிவு | கூரை, கிழக்கும் மேற்கும் | ஒற்றை அச்சு | இரட்டை அச்சு |
|---|---|---|---|---|
| 5 கிலோவாட்டுக்கு ஆண்டு உற்பத்தி (என் கணக்கு) | 6,500 யூனிட் | 6,200 யூனிட் | 7,500 யூனிட் | 7,700 யூனிட் |
| காலை, மாலை உற்பத்தி | குறைவு | நடுத்தரம் | நல்லது, நிழல் இல்லையென்றால் | நல்லது, நிழல் இல்லையென்றால் |
| தரை தேவையா | இல்லை | இல்லை | ஆம், திறந்த வெளி | ஆம், நாலா பக்கமும் இடைவெளி |
| ஓடும் பாகம் | இல்லை | இல்லை | ஒரு மோட்டார், பேரிங்குகள் | இரண்டு மோட்டார், கியர், சென்சார் |
| காற்று, மின்னல் ஆபத்து | குறைவு | குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| யாருக்கு | பெரும்பாலான வீடுகள் | பள்ளி, கடை, பகலில் ஆள் இருக்கும் வீடு | பெரிய நிலம், சொந்த மெக்கானிக் | காட்சிக்கு வைக்க விரும்புபவர் |

## விலைத்தாளில் வராத செலவுகள்

மின்னலைத்தான் முதலில் சொல்வேன். உலகில் இடி மின்னல் மிக அதிகமான வட்டாரங்களில் நம்முடையதும் ஒன்று. தரையில் நிற்கும் இரும்புச் சட்டம், அங்கிருந்து வீட்டுக்கு நீளமான கேபிள், நடுவில் மென்மையான மின்னணுப் பலகை, இந்த மூன்றும் சேர்ந்தால் மின்னலுக்கு வழி போட்டுக் கொடுத்த மாதிரி. மரத்தில் விழுந்தாலே போதும், தூண்டல் மின்னோட்டம் கேபிளில் ஏறும். சர்ஜ் தடுப்பான் கேபிளின் இரண்டு முனையிலும் வேண்டும், எர்த் கம்பி தனியாக அளந்து பார்க்கப்பட வேண்டும். ஒரு முனையில் மட்டும் போட்டுவிட்டு "எல்லாம் இருக்கு" என்பார்கள்.

அடுத்தது காற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை மேற்குக் கரைக்கு வரும் சுமத்ரா புயற்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் அடிக்கிறது. டிராக்கர் காற்றை உணர்ந்து தகட்டைப் படுக்க வைக்க வேண்டும். படுக்க வைக்க மின்சாரம் வேண்டும். காற்றோடு சேர்ந்து தெனாகா கம்பியும் அறுந்தால்? அதற்குத் தனிச் சின்ன பேட்டரி இருக்கிறதா என்று கேளுங்கள்.

வாரண்டியைப் பிரித்துப் படியுங்கள். தகட்டுக்கு 25 ஆண்டு உற்பத்தி உறுதி என்று பெரிய எழுத்தில் இருக்கும். டிராக்கரின் மோட்டாருக்கும் கட்டுப்பாட்டுக்கும் வழக்கமாக ஐந்து ஆண்டு, இரும்புக்குப் பத்து. மிச்ச ஆண்டுகள் உங்கள் பாடு.

நில விஷயமும் உண்டு. கிராண்டில் (நிலப் பத்திரத்தில்) விவசாய நிலம் என்றிருந்தால் சோலார் சட்டம் ஊன்றுவதற்கு முன் நில அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமான குடியிருப்பென்றால் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒரு ஆணியும் அடிக்காதீர்கள், கூரையிலும்கூட.

## டிராக்கரே சரியாக வரும் இடம்

ஏக்கர் கணக்கில் திறந்த, தட்டையான தரை. நூற்றுக்கணக்கான கிலோவாட். ஒரே மோட்டார் நீண்ட வரிசையைப் புரட்டும்போது மோட்டார் செலவு தகடு ஒன்றுக்குச் சில்லறையாகிவிடும். அங்கே 15 விழுக்காடு என்பது 975 யூனிட் இல்லை, பல்லாயிரக்கணக்கில். வரிசைகள் ஒன்றின்மேல் ஒன்று நிழல் போடாமல் காலையிலும் மாலையிலும் பின்வாங்கித் திரும்பும் மென்பொருளும் பெரிய நிறுவல்களில் கூடவே வரும். கிரீஸ் அடிக்க, பேரிங் மாற்ற, போல்ட் முறுக்க ஓர் ஆள் சம்பளத்தில் இருக்க வேண்டும். தோட்டத்துப் பட்டறைகளில் அப்படிப்பட்ட ஆட்கள் உண்டு, டிராக்டரையும் லாரியையும் ஓட வைப்பவர்களுக்கு இந்தக் கியர் பெட்டி பெரிய விஷயமில்லை. செம்பனை ஆலை மட்டும் இதில் சேராது. அது நாரையும் ஓட்டையும் எரித்து நீராவியில் தன் மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது, பகல் சோலாரின் கூடுதல் யூனிட்டுக்கு அங்கே அவசரம் குறைவு.

இன்னொரு யோசனையும் அடிக்கடி வரும்: "மோட்டார் வேண்டாம், மாதத்துக்கு ஒரு முறை கையால் சாய்வை மாத்திக்கிறேன்." நம் அட்சரேகையில் அதற்கு ஏணி ஏறும் சிரமத்துக்கு ஏற்ற பலன் கிடையாது. 10 பாகையில் நிறுத்திவிட்டு மறந்துவிடுங்கள், மழை தகட்டைக் கழுவிக்கொள்ளும்.

இத்தனைக்கும் பிறகு டிராக்கர்தான் வேண்டும் என்கிறவர்கள், ஒப்பந்தத்தில் மூன்று வரி சேர்க்கச் சொல்லுங்கள். மின்சாரமோ சிக்னலோ போனால் சட்டம் எந்தப் பக்கமும் சாயாமல் படுத்த நிலைக்கு வர வேண்டும். கையால் புரட்டும் சாவியைத் தந்துவிட்டுப் போக வேண்டும். மாதாமாதம் எதிர்பார்க்கும் யூனிட்டை, சுங்கை சிப்புட் வானத்துக்குக் கணக்கிட்டு, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். மூன்றாவது வரியைக் கேட்டதும் 40 எவ்வளவாக இறங்குகிறது என்று பாருங்கள்.